டயருக்குப் பின்னால் ஒரு கல்

பொறாமையைப் பற்றி எழுத எனக்கு எல்லாத் தகுதியும் உண்டு. பள்ளியில் என்னோடு வேலை பார்க்கிற கணக்கு வாத்தியாருக்கு ஓய்வு பெறுகிற வயதிலும் தலை நிறைய முடி இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். குற்றாலத்தில் ஒரு குரங்கு, யாரோ ஒரு வெளியூர்க்காரரின் கையிலிருந்து ரம்புட்டான் பையைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறி, ஒவ்வொன்றாகத் தோலுரித்து நிதானமாகத் தின்றது. அன்றைக்கு ரம்புட்டான் விற்ற விலையில் எனக்கு அந்தக் குரங்கின்மேலும் பொறாமைதான். ஆனால் இதெல்லாம் சில்லறை. மொத்தமாக நான் பொறாமைப்பட்டது ஒரே ஒரு ஆள்மேல். எங்கள் ரேஷன் கார்டில் என் பெயருக்கு அடுத்த பெயர் அவளுடையது.

எங்கள் வீடு மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. சாரல் விழத் தொடங்கிவிட்டால் வாசலில் கார்கள் வரிசை கட்டிவிடும். மதுரை வண்டி, கேரளா வண்டி, சென்னை வண்டி. வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொரு காரையும் பார்த்துப் பெருமூச்சு விடுவது ஆனி, ஆடி இரண்டு மாதமும் எனக்கு வேலை. நம்பர் பிளேட்டைப் பார்த்தே எந்த மாவட்டத்துக்காரன்மேல் பொறாமைப்படுகிறோம் என்று சொல்லிவிடுவேன்.

சீசனுக்குச் சீசன் என் மாமனார் புளியங்குடியிலிருந்து ஒரு பை எலுமிச்சம்பழத்தோடும் ஒரு படை உறவினரோடும் வந்து இறங்குவார். எலுமிச்சைத் தோட்டக்காரர். எங்கே போனாலும் அவருக்கு முன்னால் அந்த வாசனை போகும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எல்லாரையும் ஒரே ஆட்டோவில் திணித்து அருவிக்குக் கூட்டிப்போனேன். நான் டிரைவருக்குப் பக்கத்தில், பாதி உடம்பு சீட்டிலும் பாதி உடம்பு குற்றாலக் காற்றிலுமாகத் தொங்கிக்கொண்டு வந்தேன். அப்போது ஒரு கார் ஹாரன் அடித்து எங்களை முந்திப்போனது. ஓட்டியது என் சகலை. என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். கையை வேறு ஆட்டினார்.

சாயங்காலம் மாமனார் ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "மாப்ளே, நான் ஒண்ணும் சொல்லல. ஆட்டோவும் நல்லாத்தான் இருக்கு. காத்தோட்டமா இருக்கு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் 'காத்தோட்டம்' தாங்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன்: "அடுத்த சீசனுக்கு உங்களை நான்தான் மாமா கார்ல கூட்டிட்டுப் போவேன். நானே ஓட்டுவேன்."

என் மனைவி சட்டென்று என்னைப் பார்த்தாள். எனக்கு அதுவரை சைக்கிளும் ஸ்கூட்டரும் தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

தை மாதம் கார் வந்தது. ஒரு டாக்டர் வைத்திருந்த பழைய வெள்ளைக் கார். டாக்டரின் டிரைவர் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் பிடித்துப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் மாமனார் கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழங்கள் நினைவுக்கு வந்தன. நாலு டயருக்கும் அடியில் வைத்து, கற்பூரம் காட்டி, வண்டியை முன்னே எடுத்து நசுக்க வேண்டும். எடுப்பதற்குத் தெருவில் ஆள் இல்லை. நல்ல நேரம் முடிய இன்னும் ஐந்து நிமிடம். கடைசியில் நானும் பக்கத்து வீட்டு அண்ணாச்சியும், இஸ்திரிக் கடைக்காரரும், வழியே போன பால்காரரும் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளி அந்த நாலு பழத்தையும் நசுக்கினோம். கைதட்டினார்கள். உந்து விசை பற்றி இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிற இயற்பியல் ஆசிரியன் நான். அன்றைக்குத்தான் செய்முறை விளக்கம் செய்தேன்.

தென்காசியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். நடத்துகிறவர் ஒரு அண்ணாச்சி. வண்டியில் ஏறியதும் செய்தித்தாளை விரித்துவிடுவார். முதல் நாள், என் திறமையைப் பார்ப்பதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்று மனைவியையும் பின்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன்.

"மேடம் சும்மாதான உக்காந்திருக்கீங்க? நீங்களும் ஒரு எல்.எல்.ஆர். போட்டுருங்க" என்றார் அண்ணாச்சி.

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி? பிளவுஸ் தைக்கவே நேரம் பத்தல" என்றாள் அவள். வீட்டில் மோட்டார் வைத்த தையல் மிஷினில் தெருவுக்கே தைத்துக் கொடுக்கிறவள்.

நான்தான் வற்புறுத்தினேன். பெண்கள் முன்னேற வேண்டும் என்று பள்ளி ஆண்டுவிழாவில் வருஷா வருஷம் பேசுகிற ஆள் நான். முன்னேறுகிறவர்கள் நம்மைத் தாண்டித்தான் போவார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

முதல் பத்து நாள் நான் அற்புதமாக ஓட்டினேன். கார் குலுங்காமல் கிளம்பியது. பூப்போல நின்றது. வீட்டுக்கு வந்து, அவளுடைய தையல் நோட்டின் பின்பக்கத்தில் கிளச்சின் படம் வரைந்து, உராய்வு என்றால் என்ன என்று விளக்கினேன். அவள் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். ஆனால் வண்டியில் ஏறினால் அண்ணாச்சியைக் கேள்வி கேட்டே கொன்றாள். "இதுதானே கிளச்சு?", "இப்ப எதுக்கு ஆஃப் ஆயிட்டு?", "தெரியல அண்ணாச்சி, இன்னொருக்கச் சொல்லுங்க." வண்டி ஒவ்வொரு முறை அணையும்போதும் சிரிப்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஒரு ஆசிரியரின் மனைவி இத்தனை தடவையா 'தெரியல' என்று சொல்வாள்?

பதினொன்றாம் நாள் என் வண்டி தவளைபோலத் தாவி, ஒரு இளநீர் வண்டிக்கு முழ தூரத்தில் போய் நின்றது.

"என்ன அண்ணாச்சி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். இன்னைக்கு நான் காலை எடுத்துட்டேன்."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அவர் காலடியிலும் ஒரு கிளச்சு, ஒரு பிரேக்கு இருந்தன. பத்து நாளாகப் பேப்பர் படித்துக்கொண்டே காரை ஓட்டியது அவர். நான் ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"அப்ப இவளுக்கு?"

"மேடத்துக்கு நாலாம் நாளே காலை எடுத்துட்டேன் சார். தையல் மிஷின் மிதிச்ச காலு. அந்தக் காலுக்குக் கண்ணு இருக்கு."

பொறாமை அங்கேதான் பிறந்தது. நேரம், இடம் எல்லாம் குறித்துச் சொல்ல முடியும். ஜாதகம்கூட எழுதலாம்.

வைகாசியில் இருவருக்கும் ஒரே நாளில் டெஸ்ட். கம்பு நட்ட மைதானத்தில் 'எச்' வடிவத்தில் முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார, சாலையில் ஒரு சுற்று. அவள் கிளம்பும்போதே வண்டியை அணைத்தாள். "சாரி சார், திரும்ப எடுக்கேன்" என்று சொல்லி எடுத்தாள். மாட்டுவண்டி வேகத்தில் போய், வந்து, இறங்கினாள். பாஸ்.

நான் 'எச்'சை ஒற்றைக் கையால் போட்டேன். மற்றக் கை ஜன்னலில். அவள் பார்க்கட்டும் என்றுதான். சாலையிலும் நன்றாகத்தான் போனேன். ஒரு திருப்பத்தில் திரும்பியதும் எதிரே காசி விஸ்வநாதர் கோவில் கோபுரம் நின்றது. தென்காசியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது நிற்கும். நாற்பத்தேழு வருஷப் பழக்கம். பஸ்ஸிலோ ஆட்டோவிலோ கோபுரத்தைக் கண்டால் கை தானாகக் குவிந்து, கன்னத்தில் இரண்டு போட்டு, நெஞ்சைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கும். குவிந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டன. கண்ணும் மூடிவிட்டது என்று இன்ஸ்பெக்டர் பிற்பாடு சொன்னார்.

அவர் ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்து, "நிறுத்துங்க. இறங்குங்க" என்றார்.

"சார், சாமியைப் பாத்ததும்..."

"சாமிக்கு லைசென்ஸ் வேண்டாம் சார். உங்களுக்கு வேணும்."

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அவள் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. "பரவால்லங்க" என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், 'பெரிசா லைசென்ஸ் வாங்கிட்டா ஆறுதல் சொல்ல வந்துட்டா' என்று கோபப்பட்டிருப்பேன். எனக்காகவே சொல்லாமல் விட்டாள் என்பது புரிந்ததில் இன்னும் கோபம்.

இரண்டாவது டெஸ்டுக்குக் கடும் வைராக்கியத்தோடு போனேன். கோபுரம் பக்கமே பார்ப்பதில்லை. திருப்பம் வந்ததும் தலையை வெடுக்கென்று எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். நான் பார்த்த பக்கம் ஒரு பேன்சி ஸ்டோர். வண்டி போன பக்கம் ஒரு சாக்கடை. முன்சக்கரம் விளிம்பில் நிற்க, இன்ஸ்பெக்டர் கேட்டார்: "இன்னைக்கு என்ன சார், சாமியோட சண்டையா?"

ஆனி பிறந்தது. சாரல் விழுந்தது. மாமனார் எலுமிச்சையோடும் மாமியாரோடும் சின்ன மாமியாரோடும் வந்து இறங்கினார். காரைச் சுற்றி வந்து கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார்.

"பேஷ். மாப்ளே, எப்பக் கிளம்புதோம்?"

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் என் மனைவி சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "அவுகளுக்கு லைசென்ஸ் வர நாளாகும்பா. இன்னைக்கு நான் ஓட்டுதேன்."

"நீயா? ஏட்டி, நெசமாவா?"

மாமனார் முன்சீட்டில் ஏறினார். பின்சீட்டில் மாமியாருக்கும் சின்ன மாமியாருக்கும் நடுவில் நான். மடியில் மாற்றுத்துணிப் பை. அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள். நான் ஒரு வருஷமாக மனதுக்குள் நூறு தடவை உட்கார்ந்து பார்த்த இருக்கை அது. அந்த இருக்கையில் நான் கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டிருந்தேன்.

மேலகரத்தைத் தாண்டுவதற்குள் நான் ஏழு தடவை வாயைத் திறந்துவிட்டேன். "கியரை மாத்து." "ஹாரன் அடி." "லெஃப்ட்ல இடம் இருக்கு." அவள் சாலையையே பார்த்து ஓட்டினாள். சின்ன மாமியார்தான் என் தொடையைத் தட்டி, "நீரு சும்மா வாரும் மருமகனே, பிள்ளை பயந்துரப் போகுது" என்றார். முன்னால் மாமனார் ஜன்னலை இறக்கி, எதிரே வந்த தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டு, "மக ஓட்டுதா!" என்று கத்தினார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். என் வயிற்றில் ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைப் பிழிந்ததுபோல இருந்தது.

ஐந்தருவிக்குப் போகிற ஏற்றத்தில் நெரிசல். ஒரு வண்டி நகர்ந்தால் அடுத்தது நகரும். ஏற்றத்தில் நிறுத்தி, நிறுத்தி எடுக்க வேண்டும். முதல் தடவை எடுத்துவிட்டாள். இரண்டாவது தடவையும் எடுத்தாள். "கெட்டிக்காரிட்டி" என்றார் மாமியார். அப்போது நான் மனதுக்குள் ஒன்று சொன்னேன். இத்தனை நாள் கழித்தும் எழுதக் கூச்சமாக இருக்கிறது. 'அணையட்டும்' என்று சொன்னேன். 'ஒரே ஒரு தடவை, இவர்கள் எல்லாரும் பார்க்க, அணையட்டும்.'

எனக்கு எத்தனையோ வேண்டுதல் உண்டு. எதுவும் அவ்வளவு சீக்கிரம் பலித்ததில்லை.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. அணைந்து பின்னோக்கி நழுவியது. பின்னால் ஒட்டினாற்போல ஒரு கேரளா வேன், அதில் குழந்தைகள். மாமனார் இல்லாத பிரேக்கைத் தரையில் ஓங்கி மிதித்தார். மாமியார் என் கையைப் பிடித்தார். நான் கேட்டது இது இல்லை என்று யாரிடம் சொல்வது?

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டாள். வண்டி நின்றது. பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. அவளுடைய கழுத்து வேர்த்திருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, எனக்குக் கை நடுங்குது. இதுல எப்படி எடுக்கதுன்னு தெரியல. நீங்க இறங்கி டயருக்குப் பின்னால ஒரு கல்லு வைக்கீங்களா?"

அப்பா, அம்மா, சித்தி எல்லார் முன்னாலும், உப்பு எடுத்துக் கொடுங்கள் என்பதுபோலச் சொன்னாள். கை நடுங்குது. தெரியல. இந்த இரண்டு வார்த்தைகளையும் நான் என் மாமனார் முன்னால் சொல்வதைவிடக் காரோடு சேர்ந்து உருண்டு போயிருப்பேன்.

இறங்கினேன். சாரல் முகத்தில் அடித்தது. ஓரத்தில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கிவந்து பின்டயருக்கு அணை கொடுத்தேன். வேன் டிரைவர் தலையை நீட்டி, "சேட்டா, டென்ஷன் வேண்டா. மெல்லெ எடுத்தா மதி" என்றார். மெதுவாக எடுத்தால் போதுமாம். நான் லாரி கிளீனர்போல வண்டியின் பின்பக்கத்தைத் தட்டி, "ரைட்டு, எடு! எடு!" என்று கத்தினேன். இஞ்சின் உறுமியது. கல்லின்மேல் அழுத்தம் குறைந்தது. கார் மெதுவாக ஏறிப் போனது. போய்க்கொண்டே இருந்தது. ஏற்றத்தில் மறுபடி நிறுத்தினால் மறுபடி கல் வைக்க வேண்டுமே. முன்னால் வண்டிகள் நகர்ந்து இடம் விட்டிருந்தன. எனவே சமதரை வரும்வரை அவள் நிறுத்தவில்லை. நான் பின்னாலேயே மழையில் நடந்தேன். எல்லாக் கார்களும் என்னைத் தாண்டிப் போயின. எல்லா ஜன்னல்களும் என்னைப் பார்த்தன.

மேலே போய்ச் சேர்ந்ததும் மாமனார் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "மாப்ளே, கல்லைக் கீழ போட்டுட்டு வாரும்!"

அதுவரை அதைக் கையில் தூக்கிக்கொண்டே வந்திருந்தேன். போட மனது வரவில்லை. டிக்கியைத் திறந்து உள்ளே வைத்தேன்.

அருவியில் ஒரு மணி நேரம் நின்றேன். தலையில் இருந்த எண்ணெய் எல்லாம் போனது. பொறாமை மட்டும் போகவில்லை. ஆனால் அதன் இடம் கொஞ்சம் மாறியிருந்தது. காலையில் அவள் ஓட்டுவதைப் பார்த்து எரிந்தது. இப்போது அவள் 'தெரியல' என்று சொன்னதை நினைத்து எரிந்தது. அதை எப்படி அவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்?

விருந்தாளிகள் எல்லாம் ஊருக்குப் போன பிறகு, இரண்டு நாள் தொண்டையிலேயே வைத்திருந்து, மூன்றாம் நாள் கேட்டேன்: "அந்த ஹாஃப் கிளச்சு... காலை எப்படி விடணும்?"

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்து, தையல் மிஷின் முன்னால் என்னை உட்காரவைத்தாள். ஒரு வெட்டுத்துணியைக் கொடுத்தாள். "ஊசி ஓடக் கூடாது. ஒவ்வொரு தையலா விழணும். காலை வச்சு அமுக்காதீங்க, நெனச்சாலே போதும்."

முதல் நாள் நான் தைத்த கோடு மேற்குத் தொடர்ச்சி மலைபோல ஏறி இறங்கியது. ஒரு மாதம் ஆயிற்று அது சமவெளிக்கு வர. இடையில் மூன்றாவது டெஸ்ட். கம்பு ஒன்றைச் சாய்த்துவிட்டேன். திரும்பி வந்து மறுபடி மிஷினில் உட்கார்ந்தேன். அந்த ஆடி முடிவதற்குள் எங்கள் வீட்டில் ஆறு தலையணை உறைகள் என் கையால் தைக்கப்பட்டுவிட்டன. ஒன்றின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டேன், அது இன்னும் திறக்கவில்லை.

"எல்லாஞ் சரி. கோபுரத்தை என்ன பண்ண?" என்று கேட்டேன்.

"இறங்கிக் கும்பிட வேண்டியதுதானே? சாமி எங்கயும் ஓடிப் போயிரப் போகுதா?"

நாலாவது டெஸ்டில் திருப்பம் வருவதற்கு முன்பே இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்: "சார், எனக்கு அந்தக் கோபுரத்தைக் கும்பிடாமத் தாண்டத் தெரியாது. ஓரமா நிறுத்திக் கும்பிட்டுக்கிடட்டுமா?" அவர் ஓரத்தைக் கைகாட்டினார். சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டுக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது பக்கத்து சீட்டில் அவரும் கைகூப்பி இருந்தார். பிறகு எடுத்தேன். ஒவ்வொரு தையலாக.

லைசென்ஸ் வந்தபோது சீசன் முடிந்து அருவியில் தண்ணீர் கம்பியாக மெலிந்துவிட்டது. வாக்குக் கொடுத்த சீசன் தவறிப்போனது தவறிப்போனதுதான். இந்த வருஷம்தான் மாமனாரை நான் ஓட்டிக் கூட்டிப்போனேன். முன்சீட்டில் அவர், பின்சீட்டில் மாமியாரும் அவளும். அவள் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கியரை மாற்று, ஹாரன் அடி, ஒன்றும் இல்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அதே ஏற்றம். அதே நெரிசல். இரண்டு தடவை எடுத்தேன். மூன்றாவது தடவை அணைந்தது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். சொல்வதற்கு அரை நிமிடம் ஆயிற்று. "கை நடுங்குது" என்றேன். "இதுல..."

முடிப்பதற்குள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். டிக்கி திறக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கல் அங்கேயேதான் இருந்தது. குனிந்து வைத்தாள். நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் சிரிக்கிறாளா என்று. சிரித்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். நான் போன வருஷம் வேண்டிக்கொண்டதற்கு அது சரியாய்ப் போயிருக்கும். அவள் சிரிக்கவில்லை. பின்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டி, "எடுங்க, ரைட்டு" என்றாள். அவ்வளவுதான்.

எடுத்தேன். கார் ஏறியது. கண்ணாடியில் அவள் சாரலில் நனைந்தபடி, கல்லை இடுப்பில் அணைத்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"மாப்ளே, நான் ஒண்ணும் சொல்லல" என்று ஆரம்பித்தார் மாமனார்.

அவர் சொன்ன மிச்சம் என் காதில் விழவில்லை. சிரிக்காமல் கல் வைக்க இவள் எங்கே படித்தாள் என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.